கிரிவலப் பாதையில் அம்மாவின் படம்

சென்னை,
12.6.2025

மதிப்பிற்குரிய முருகவேல் சார் அவர்களுக்கு,

மதிவதனி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் அறக்கட்டளையில் உதவி பெறுகிறவர்கள் மாதம் ஒரு கடிதம் கையால் எழுத வேண்டும் என்பீர்கள். சென்ற மாதம் தவறிவிட்டது, கோபிக்க வேண்டாம்.

உங்கள் நண்பர் கலையரசன் சார் ஆடிட் ஆபீசில் ஆர்டிகிள்ஷிப் பயிற்சி நன்றாகப் போகிறது. போன வாரம் செங்குன்றத்தில் ஒரு அரிசி குடோனுக்கு ஸ்டாக் பார்க்க அனுப்பினார்கள். தும்மித் தும்மி மூட்டை எண்ணினேன். எக்ஸஸ், ஷார்டேஜ் என்று சொல்லாமல் நான் ஜாஸ்தி, கம்மி என்று பேசுவதைக் கேட்டு இங்கே எல்லாரும் கேலி செய்கிறார்கள். ஆனால் ஆடிட் பைலை என்னிடம்தான் கொடுக்கிறார்கள். ஹாஸ்டலும் கோச்சிங்கும் நீங்கள் கொடுத்தது, மறக்கவில்லை.

அம்மாவைப் பார்த்தால் நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் நம்புவதில்லை.

உங்கள் மாணவி,
மதிவதனி

திருவண்ணாமலை,
13.7.2025

அன்பு மகள் மதிவதனிக்கு,

ஆசிகள். குடோனில் தும்மாமல் எவனும் ஆடிட்டர் ஆனதில்லை, போகட்டும்.

ஒரு சந்தோஷச் செய்தி. டிரைவரை லாட்ஜுக்கு அனுப்பி உன் அம்மாவை வேலை செய்யும் கோலத்திலேயே படம் எடுத்துவரச் சொன்னேன். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை திருப்பத்தில் பெரிய பிளெக்ஸ். ‘கழிவறை கழுவும் தாய், ஆடிட்டர் ஆகும் மகள்.’ வாசகம் என்னுடையது. எத்தனை பேர் நின்று படித்தார்கள் தெரியுமா? அதைப் பார்த்த பெங்களூர்க்காரர் ஒருவர், கீழ்பென்னாத்தூர் அபிநயாவின் படிப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார். எல்லாம் உன் அம்மாவின் புண்ணியம்.

அன்புடன்,
முருகவேல்

சென்னை,
18.7.2025

மதிப்பிற்குரிய சார்,

அபிநயாவுக்கு உதவி கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் அந்த பிளெக்ஸை எடுத்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பா போன பிறகு அம்மா லாட்ஜில் சூப்பர்வைசர் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருந்தார். கிரிவலம் வந்த சரசு அத்தை பிளெக்ஸைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். “இதான் உங்க ஊர்ல சூப்பர்வைசர் வேலையா?” என்று கீழே ஒரு கேள்வி. டிரைவர் படம் எடுத்தபோது ஆபீஸ் பைலுக்கு என்று நினைத்தாராம் அம்மா. இப்போது அந்தத் திருப்பத்தைத் தாண்ட வெட்கப்பட்டு, வேலைக்கு வயல் வழியாகச் சுற்றிப் போகிறார்.

அந்த வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதும் மறைப்பதும் அம்மாவின் இஷ்டம். உதவி வாங்கியது நான். என் படத்தைப் போடுங்கள், என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

மதிவதனி

திருவண்ணாமலை,
2.8.2025

மதிவதனிக்கு,

உன் கடிதம் என்னை நோகடித்தது. இருந்தாலும் அன்றைக்கே பிளெக்ஸை இறக்கிவிட்டேன்.

மறுநாள் விஷயம் தெரிந்து உன் அம்மா ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “சின்னப் பொண்ணு சார், ஏதோ எழுதிட்டா. மனசுல வெச்சிக்காதீங்க. அவ படிப்ப மட்டும் நிறுத்திடாதீங்க. போர்டு அங்கயே இருக்கட்டும். இன்னொரு படம் வேணும்னாலும் புடிச்சிக்கோங்க” என்றார். காலில் விழுந்துவிட்டார். நான்தான் தூக்கிவிட்டேன்.

புதுப் படம் பிரமாதமாக வந்திருக்கிறது, சிரித்தபடி நிற்கிறார். இந்தப் பௌர்ணமிக்கு அதுதான். அந்தப் பக்குவம் உனக்கும் வர வேண்டும். அடுத்த மாதம் ஆண்டு விழா. இருவரும் மேடையேற வேண்டும். அம்மா வேலைக்குப் போகும் புடவையிலேயே வரட்டும். அப்போதுதான் கொடுக்கிறவர்கள் மனது இளகும்.

முருகவேல்

சென்னை,
5.10.2025

சார்,

விழாவுக்கு நாங்கள் ஏன் வரவில்லை என்று கலையரசன் சாரிடம் கேட்டீர்களாம். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டேன். கோச்சிங்கும் இல்லை, ஆர்டிகிள்ஷிப்பும் இல்லை. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பில் போடுகிறேன். ஆடிட்டர் ஆகும் மகள் இனி இல்லை என்பதால் பிளெக்ஸும் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

நீங்கள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் உங்களிடம் ஒன்று கேட்டேன். அதற்கு என் அம்மா உங்கள் காலில் விழ வேண்டியதாயிற்று, அதைப் பக்குவம் என்று எனக்கே எழுதினீர்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அபிநயாவின் அப்பாவைப் படம் எடுப்பதற்கு முன்னால், எதற்கு என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அம்மாவை இங்கே அழைத்து வந்துவிட்டேன். நான் படிப்பை விட்டதைச் சொன்ன அன்றைக்கு, “சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சிக்கினு நின்னேன். ஒனக்காகத்தான் நின்னேன். அதையும் வீணாக்கிட்டியே” என்றார்.

அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இந்தக் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம்.

மதிவதனி