செக்ரோலில் கூடிய இரண்டு வயது

என் ஆசை அக்கா பார்வதிக்கு,

இந்தக் கடிதத்துக்கு உறையும் வேண்டாம், வெளிநாட்டுத் தபால்தலையும் வேண்டாம். நீ செத்துப்போன சேதி எனக்குக் கிடைத்து ஆறு வாரம் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. அதை வாசித்த அன்றும் மதியத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனேன், கூடையை நிறுத்துக் கொடுத்தேன், வந்து சோறு ஆக்கினேன். ஒன்றுமே தோன்றவில்லை அக்கா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் பழைய லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த சித்திதான் எழுதியிருந்தாள். தோட்டத்தில் அரிசி இல்லையாம், மாவையும் குறைத்துவிட்டார்களாம். உனக்கு நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் நீ இல்லையாம். அம்மாவுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்களாம். "வயசு இருபத்திரண்டுன்னு பலகையில எழுதி நட்டிருக்கு" என்று முடித்திருந்தாள். இருபத்திரண்டா? உனக்கு இருபதுதானே!

அந்த இரண்டு வயது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். அம்மா செத்த வருஷம் உனக்குப் பதினாலு. தோட்டத்தில் ஆள் பேர் பதிகிற செக்ரோல் புத்தகத்தில் பதினாறு என்று இருந்தால்தான் முழுப் பேர், முழுச் சம்பளம்; இல்லையென்றால் அரைப் பேர். கணக்கப்பிள்ளை கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை, "பதினாறுங்க" என்றார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததுகூட இல்லை.

அதற்கு முன்பே சிலோன், இந்தியா இரண்டு அரசாங்கமும் கை குலுக்கி, உனக்கு இத்தனை பேர் எனக்கு இத்தனை பேர் என்று நம்மைப் பங்கு போட்டிருந்தன. இரண்டு வருஷம் கழித்து இந்தியாவுக்குப் போக அப்பா விண்ணப்பப் பாரம் நிரப்பினார். பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத்தான் அதில் சேர்க்கலாம். அப்போது உனக்குப் பதினாறு, ஆனால் செக்ரோலில் பதினெட்டு. "இது நீ சொன்ன வயசுதானப்பா?" என்று கணக்கப்பிள்ளை புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். உனக்குத் தனிப் பாரம், தனி பைல்.

எங்கள் முறை வந்தது. உன் முறை வரவில்லை. குறித்த தேதிக்குள் போகாவிட்டால் காம்பராவும் இல்லை, வேலையும் இல்லை. லாரியில் பெட்டியை ஏற்றிவிட்டு நீ கையை ஆட்டினாய். "போங்க போங்க, அடுத்த கப்பல்ல நான் வந்து நிப்பேன்." சிரித்துக்கொண்டேதானே சொன்னாய்? அது நிஜமான சிரிப்பா அக்கா? இத்தனை நாள் நான் அதைக் கேட்கவே இல்லை.

இப்போது நாங்கள் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அங்கே நம்மை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே எங்களைச் சிலோன்காரங்க என்கிறார்கள். மாசம் ஒரு நாள் அப்பா பஸ் ஏறிக் குமுளிக்குப் போய், உன் பைலை நகர்த்தச் சொல்லி மனு டைப் அடித்து அனுப்புவார். இங்கே மனுவுக்கு அபேட்சை என்று பேர். பதில் வந்ததே இல்லை. மிச்சம் இருப்பவர்களையும் இரண்டு நாடும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டதாகக் கொஞ்ச நாளைக்கு முன்பு டீக்கடை ரேடியோவில் சொன்னார்கள். நட்பு பலப்பட்டதாம். காத்திருந்து செத்தவர்களை எந்தப் பாதியில் சேர்ப்பார்கள்?

சித்தியின் கடிதத்தை நான் அப்பாவிடம் காட்டவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. மடித்து அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். அவர் வாய் சொன்ன வயசு உன்னைக் கொன்றுவிட்டது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? அந்த மாசம் அவர் குமுளிக்குப் போகவில்லை. உடம்புக்கு முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை இங்கத்து மஸ்டர் புத்தகத்தில் என் பேரை நிரந்தரமாகப் பதிந்தார்கள். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். குரலைத் தணித்து, "பதினெட்டுன்னு போட்டுக்கிடட்டுமா? முழுச் சம்பளம் கிடைக்கும்லா" என்றார். சரி என்று சொல்ல நானே வாயைத் திறந்துவிட்டேன் அக்கா. உனக்கு நடந்தது தெரிந்திருந்தும் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து அப்பா குரல்.

"பதினாறுங்கய்யா."

"ஏன்யா, பிள்ளைக்குத்தானே நட்டம்?"

"இருக்கட்டும். பதினாறுன்னே எழுதுங்க."

அன்றைக்கு உனக்குச் சொன்ன அதே பதினாறு. இந்தத் தடவை அது உண்மை.

லயத்துக்குத் திரும்பும் வழியில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "டின்னுக்குள்ள கெடந்த கடுதாசியை டீக்கடையில குடுத்து வாசிக்கச் சொன்னேன்மா. ஒரு மாசமாச்சு. நீ எங்கிட்ட சொல்லல, நானும் ஒங்கிட்ட சொல்லல." அவ்வளவுதான் பேசினார். ஒரே அடுப்பில் சமைத்து, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு, இரண்டு பேரும் உன்னை ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருக்கிறோம். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நடந்து வீட்டுக்கு வந்தோம்.

சித்திக்கு இன்றைக்கே பதில் எழுதுகிறேன். பலகையில் இருக்கும் இருபத்திரண்டைச் சுரண்டிவிட்டு இருபது என்று எழுதச் சொல்கிறேன். அவளால் முடியாமல் போனால், என்றைக்காவது இந்த இரண்டு நாடும் எனக்கு ஒரு காகிதம் தரும், நானே வந்து எழுதுவேன். இன்னும் நாலு வருஷத்தில் எனக்கும் இருபது ஆகும். அன்றைக்கு யார் கேட்டாலும் ஒன்று கூட்டாமல், ஒன்று குறைக்காமல் இருபது என்றே சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னைவிட நாலே வயது இளைய,
உன் தங்கச்சி மீனா