காற்றுக்கென்று செய்த தட்டு

மச்சான்,

இன்று காலை தபால்காரன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் வைத்தான். கொழும்பு முத்திரை. பிரித்தவுடன் வேப்பம் பலகையின் கசந்த மணம் வந்தது. கூடவே, சத்தியமாகச் சொல்கிறேன், உன் வலைக்கொட்டிலின் மணமும் வந்தது. நாம் சீட்டாடச் செய்த கடுதாசித் தட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மேலே ஒரு சான்றிதழும் இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு அரை மணித்தியாலம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ போய் ஒரு வருஷமாகப் போகிறது. உனக்காக நான் ஒரு மேடையில் ஏறி நின்று பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் உனக்குக் கடலில்லை. நான் உயிலங்குளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் முள்ளிக்குளத்துக்கு வருவேன். உன் கொட்டிலில் நாலு பேர் இருந்து கடுதாசியில் முந்நூற்று நாலு என்ற ஆட்டம் விளையாடுவோம். என்ன காற்றடா அது! கடுதாசியை இறக்குவதற்குள் அது பறந்து போகும். ஒருமுறை நீ கமுத்தி வைத்த துரும்புக் கடுதாசியே எழும்பிப் பறந்து, நீ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அலை மட்டும் ஓடினாய். "அந்தக் கடுதாசியை ஒருத்தனும் பாக்கப்படாது!" என்று ஓடிக்கொண்டே கத்தினாய். மற்ற இரண்டு பேரும் மணலில் விழுந்து உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு அந்தப் பங்குனி வெயில். நீ வள்ளத்துக்குப் பலகை சீவ வேண்டுமென்று என் பட்டறைக்கு வந்திருந்தாய். கரண்ட் இல்லை, மின்விசிறி நின்றுவிட்டது. பொழுது போகட்டுமென்று கடுதாசியை எடுத்தோம். உன் கையிலிருந்த கடுதாசிகள் சரசரவென்று அடித்தன. நான் நிமிர்ந்து பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்துவிட்டாய்.

"காத்து," என்றாய்.

ஆணியில் கொழுவியிருந்த என் சேட் அசையவில்லை. தரையில் கிடந்த மரத்தூள் கிடந்தபடியே கிடந்தது.

"ஓம், சரியான காத்து," என்றேன்.

நீ இரண்டு பிடி விளையாடினாய். பிறகு முகத்தைப் பார்க்காமலே சொன்னாய். "சம்மாட்டிக்குத் தெரிஞ்சா என்னை வள்ளத்தில ஏத்தமாட்டான். வீட்டிலயும் தெரியாது. நான் செத்தாலும் நீ வாய் திறக்கப்படாது, சொல்லிப்போட்டன்."

சரி என்றேன். என்ன மடையன் நான்! அதற்குப் பிறகு எத்தனை விடியற்காலை, நீ இப்போது கடலில் நிற்பாய், அந்தக் கையால் கயிறு பிடிப்பாய் என்று நினைத்து நினைத்துப் பாயில் எழும்பி இருந்திருப்பேன் தெரியுமா? நீ தவறி விழுந்திருந்தால் அந்தப் பாவம் என் தலையில். வள்ளத்துக்குச் சொந்தக்காரனான உன் சம்மாட்டியைக் கடைத்தெருவில் கண்டால் நான் மறுபக்கம் போவேன். கடைசியில் கடல் உன்னைத் தொடவில்லை. வீட்டுக் கதிரையில் இருந்தபடி நெஞ்சு வலிக்கிறது என்றாயாம், அவ்வளவுதான்.

அந்தத் தட்டை நான் செய்தது உன் கைக்காக. உனக்கும் தெரியும். ஆனால் "காத்துக்கு நல்லாயிருக்கும்" என்று சொல்லித்தான் பலகையைக் காட்டினேன். நீயும் "ஓம், காத்துக்கு நல்லது" என்று சொல்லித்தான் வாங்கினாய். கடுதாசி சாய்ந்து நிற்க ஒரு பள்ளம், அதன் குறுக்கே தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நூல் இரண்டு இழை. நூலை நான்தான் கட்டுவேன் என்று அடம்பிடித்தாய். ஒரு பின்னேரம் முழுக்க எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்து கட்டினாய். முடிச்சுக்கு மேல் முடிச்சு. நான் மரம் சீவுகிறதுபோல சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன், நீ மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டதென்று உனக்குத் தெரியக்கூடாதே.

கொழும்பில் வருஷா வருஷம் மேசை விளையாட்டுகளுக்கும் அவற்றின் துணைப்பொருட்களுக்கும் விருது கொடுக்கிறார்களாம். உன் மகள் ரெஜினாதான் கைப்பேசியில் கண்டுபிடித்தாள். உன் பெயரையும் என் பெயரையும் போட்டு, காற்றுக்கான தட்டென்று அவளே எழுதி அனுப்பினாள். "அப்பான்ர பேர் ஒருக்கா அச்சில வரட்டும் மாமா. மரண அறிவித்தலில மட்டும் வந்தது காணாது," என்றாள். இறுதிச் சுற்றுக்கு ஐந்து பொருட்களை எடுத்தார்கள். அதில் நம்முடையதும் ஒன்று.

அந்த மண்டபத்தில் ஒரு சன்னல்கூடத் திறந்திருக்கவில்லை, மச்சான். ஏசி குளிரில் எனக்குப் பல்லுக் கிட்டியது. மூன்று நடுவர்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா தமிழில் கேட்டார்.

"காற்றுக்கென்றால் ஒரு கடற்கரைக்குத்தானே பயன்? வயதானவர்கள், கை நடுங்குகிறவர்கள் பாவிக்கவென்று நினைத்துச் செய்தீர்களா? அப்படியென்றால் சொல்லுங்கோ. நாங்கள் வேறு மாதிரிப் பார்க்கலாம்."

ஒரு 'ஓம்' போதும். உன் பெயர் அங்கேயே விருதில் ஏறிவிடும். முன்வரிசையில் ரெஜினா இரண்டு கையையும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் சொன்னால் அவளும் அங்கேதான் அறிவாள், அவ்வளவு சனத்துக்கு நடுவில்.

"இல்லை அம்மா. காத்துக்குத்தான்."

அந்த அம்மா தட்டைத் தூக்கி நூலை விரலால் சுண்டினார். "கட்டினவர் மீனவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மீனவர் கட்டுகிற முடிச்சா இது? இவ்வளவு கோணலாக?"

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. உன் முடிச்சையா? சிலாவத்துறையிலிருந்துகூட ஆட்கள் வலை பொத்த உன்னிடம்தானே வந்தார்கள்! அந்த ஒவ்வொரு முடிச்சுக்கும் நீ எவ்வளவு பாடுபட்டாய் என்று கத்திச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அது காத்துக்குள்ள இருந்து கட்டினது, அம்மா," என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா ஏதோ எழுதிக்கொண்டார். கெரம் காய்களை நிறம் பிரித்து அடுக்குகிற ஒரு பெட்டிக்கு முதலிடம் கிடைத்தது. நம்முடைய தட்டை ஒரு மாதம் காட்சிக்கு வைத்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் ரெஜினா புத்தளம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. தோற்ற கோபம் என்று நினைத்தேன். ஒரு கடையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அவள்தான் இரண்டு கிளாஸ் தேத்தண்ணி வாங்கி வந்தாள். முதல் நாள் பதற்றம் இன்னும் இறங்காமல் என் கை ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கண்டாள். எனக்கென்று வைத்திருந்த கிளாசிலிருந்து பாதியைத் தன்னுடையதில் மளமளவென்று ஊற்றிவிட்டு, மிச்சத்தை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்காமல் அவளைப் பார்த்தேன்.

"வீட்டுப் பழக்கம், மாமா," என்றாள். "அப்பாக்கு அரைவாசிதான் குடுக்கிறது. நிரப்பினா சிந்திப்போடும். காத்து எண்டு சொல்லுவார். நானும் ஓம் எண்டுவன்."

"அப்ப உனக்கு..."

"நேற்று நீங்கள் எங்க சொல்லிப்போடுவியளோ எண்டு உயிரே போச்சு மாமா." அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ. அவ தனக்கு மட்டும்தான் தெரியுமெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. ஏன் அரைவாசி ஊத்துறீங்கள் எண்டு நான் கேட்டா, கெதியா ஆறட்டும் எண்டு சொல்லுவா."

அடப்பாவி! ஒரே பொய்யை மூன்று பேர் மூன்று மூலையில் இருந்து காவல் காத்திருக்கிறோம். நீ பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாய். பஸ் மதவாச்சி தாண்டும் வரைக்கும் எனக்கு உன்மேல் கோபம் ஆறவில்லை. கோபம் ஆறின பிறகு அழுகை வந்தது.

இன்று பின்னேரம் தட்டையும் சான்றிதழையும் உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உன் மனுசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டு வாசித்தா. முதலில் உன் பெயர், பிறகு என் பெயர், கீழே ஒரு வரி: 'கடற்கரைக் காற்றில் கடுதாசி பறக்காமல் காக்கும் தட்டு.'

"சரியாத்தான் போட்டிருக்கினம்," என்றா. "அந்தாளுக்கு எப்பவும் காத்துத்தான்."

"ஓம், சரியான காத்து," என்றேன். ரெஜினா குசினிப் பக்கம் போய்விட்டாள்.

உன் முடிச்சுகளில் ஒன்றைக்கூட நான் அவிழ்க்கவில்லை, திருத்தவுமில்லை. தட்டு இனி உன் வீட்டு அலுமாரிக்கு மேல் இருக்கும். உனக்குக் கொடுத்த வாக்கு என்னோடு இருக்கும், நீ செத்த பிறகும். புறப்பட எழும்பினேன். "இருங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்," என்று உன் மனுசி மறித்தா. நான் உன் கதிரையில் இருந்தேன். கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினா.

அரைவாசிதான் ஊற்றியிருந்தா.