கொம்பு முளைத்த எழுத்துகள்

ஜூன் 3, செவ்வாய்

புது மெயில் மென்பொருள் வந்ததிலிருந்து ஒரே புகார்தான். தமிழில் அனுப்பினால் தலைப்பு வரி மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. உள்ளே திறந்தால் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள், வட்டங்கள், கோடுகள். கணக்குப் பிரிவில் ஒருவர், "இது எந்த நாட்டு பாஷைம்மா?" என்று கேட்டார். சிரிக்கலாம்தான். ஆனால் இதைச் சரிசெய்ய வேண்டியவள் நான், இந்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் மேலாளர். எல்லா மெயிலுக்கும் தலைப்பில் 'அவசரம்' என்று போடுவதால் ஆபீசில் அவர் பெயரே அவசரம் சார். அவர் நேற்று முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஜூன் 4

பிடித்துவிட்டேன். மெயிலை வாங்கி உள்ளே அனுப்பும் சர்வர், தமிழ்க் கடிதத்தின் மேல் வேறு மொழிச் சீட்டை ஒட்டி அனுப்புகிறது. கடிதம் பத்திரமாகத்தான் இருக்கிறது. சீட்டை மாற்றிவிட்டேன், இனி வருகிறவை சரியாக வரும். பழையவை அப்படியே கிடக்கின்றன.

ஜூன் 5

பாராட்டுவார் என்று நினைத்துப் போனேன். பழைய மெயில்களும் திங்கட்கிழமைக்குள் படிக்கிறபடி ஆக வேண்டும் என்றார் மேலாளர். ஏன் என்றும் அவரே சொன்னார். பேக்கிங் பிரிவை இரவு வேலைக்கு மாற்றப்போவதாகப் போன மாதமே மெயில் போட்டாராம், அத்தனை பேரும் சம்மதம் என்று மென்பொருள் கணக்குக் காட்டுகிறதாம்.

"நாளைக்கு யாரும் படிக்கலன்னு கிளம்பக் கூடாது. முன்னாடி எப்படி இருந்துச்சுங்கற பேச்சே வேண்டாம். புரியுதாம்மா?"

தலையாட்டினேன். அண்ணி பேக்கிங்கில்தான் இருக்கிறாள். அண்ணனுக்கு ஏற்கெனவே இரவுக் காவல் வேலை. பாப்பாவுக்கு இரண்டு வயது முடியவில்லை. இரண்டு பேரும் ராத்திரி போய்விட்டால் குழந்தை?

மாலையில் அண்ணி வீட்டுக்குப் போனேன். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இரவு வேலை வரும் என்று கேண்டீனில் பேச்சு அடிபட்டதால், வேண்டாம் என்று பிரிவில் எல்லோருக்கும் சேர்த்து அவள்தான் மேலாளருக்கு எழுதியிருக்கிறாள். மறுநாள் அவரிடமிருந்து 'அவசரம்: பணி நேரம், பதில் தேவை' என்று வந்ததாம். உள்ளே கொம்புதான். தாங்கள் கேட்டதற்குத்தான் பதில் என்று நினைத்து, கீழே மென்பொருளே காட்டும் 'ஏற்கிறேன்' பொத்தானை எல்லோரும் அமுக்கியிருக்கிறார்கள்.

"பெரிய சார் அனுப்பினத புரியலன்னு எப்படிச் சொல்றது?" என்றாள்.

அதற்கு முன்பே அவரிடமிருந்து இன்னொரு சின்னப் பதிலும் வந்திருந்தது, அவள் கடிதத்துக்கே. அதுவும் புரியவில்லை என்று போனை நீட்டினாள். என் கணினிக்கு அனுப்பிச் சீட்டை மாற்றித் திறந்தேன். ஒரே வார்த்தை. ஏற்கிறேன்.

அவருக்கும் கொம்புதான் போயிருக்கிறது! அவரும் அதே பொத்தானைத்தான் அமுக்கியிருக்கிறார்.

"இத வச்சு நீ மாட்டிக்காத," என்றாள் அண்ணி. பிறகு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அழுதாள். எனக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

ஜூன் 6

சோதனைக்கு ஒரு மெயில் பெட்டியின் நகலை மாற்றிப் பார்த்தேன். எல்லாம் கேள்விக்குறி. கொம்பு இருந்தால் உயிர் இருக்கிறது, கேள்விக்குறி ஆகிவிட்டால் மீட்கவே முடியாது. இப்படியே எல்லாப் பெட்டியிலும் ஓடவிட்டால்? தொழில்நுட்பக் கோளாறு, எல்லாம் போய்விட்டது என்று கையை விரித்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? — ஆனால் அண்ணிக்கு வந்த அந்த ஒரு வார்த்தையும் சேர்ந்தல்லவா போகும். மறுபடி உட்கார்ந்தேன். மதியம் சரியாக வந்தது.

மேலாளரிடம் போனேன். "சார், உங்க மெயில மட்டும் தனியா திறக்க முடியாது. எல்லாப் பெட்டியும் திறக்கும். உங்களுக்கு வந்தது, நீங்க போட்ட பதில், எல்லாமே."

"திறக்கட்டும். எனக்கென்ன?"

"ஒரு தடவை உங்க பெட்டியப் பாத்துட்டு—"

"எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்லம்மா. செய்."

ஜூன் 8, ஞாயிறு

இன்னும் உடைத்துச் சொல்லியிருக்க வேண்டுமோ? இரண்டு தடவை சொன்னேனே. அதற்கு மேலும் சொல்ல எனக்கு மனசில்லை, அதுதான் உண்மை.

ஜூன் 9

காலையில் ஓடவிட்டேன். பத்து மணிக்கு எல்லாப் பெட்டியும் தமிழில். பேக்கிங்கில் இயந்திரம் ஓடும் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. அண்ணி அவளுக்கு வந்த பதிலை மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறாள், பிரிவில் எல்லோரையும் சேர்த்து.

மதியம் மேலாளர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நான் அதப் படிக்கவே இல்லையேம்மா. படிக்காம போட்ட பதில் எப்படிச் சம்மதம் ஆகும்?"

"அவங்களும் படிக்கல சார்."

வெளியே வந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 12

இரவு வேலை ரத்து. மேலிடத்திலிருந்து உத்தரவு. அண்ணிதான் போன் செய்து சொன்னாள்.

ஜூன் 20, வெள்ளி

மேலாளரிடமிருந்து மெயில். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறதாம், புதுப்பிக்கும் எண்ணம் இல்லையாம். இதுவரை செய்த சேவைக்கு நன்றியாம். மூன்று பத்தி. மெனக்கெட்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. என் வேலை சுத்தம்.

இன்று அண்ணி வீட்டில்தான் சாப்பாடு. பாப்பா அவள் மடியிலேயே தூங்கிவிட்டது. நான் இன்னும் சொல்லவில்லை.