இருபது எழுத்துப் பெயர்கள்

என் உயிர் மச்சான் செல்வராசுவுக்கு,

நீ போய் வருசம் திரும்பிவிட்டது. கோபாலபுரம் செக்போஸ்ட்டில் தேங்காய் லாரிகள் இன்றும் வரிசை கட்டித்தான் நிற்கின்றன. உன் தங்கையைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து நேற்று வந்திருந்தார்கள். உட்கார்ந்ததும் கேட்டது உன்னைப் பற்றித்தான்.

"புள்ளையோட அண்ணனை பம்பாய் வேலைல இருந்து நிறுத்திப்போட்டாங்களாமா, ஏனுங்க?"

மாமா என் முகத்தைப் பார்த்தார். உன்னோடு அதே இடத்தில் வேலை பார்த்தவன் நான்தானே. "அதெல்லாம் கம்ப்யூட்டர் சமாச்சாரமுங்க" என்று மழுப்பிவிட்டு மோரைக் குடித்தேன். சீ, நானும் ஒரு மனுசன்!

ஆஸ்பத்திரிக்காக ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலுக்கான புரோகிராமை நாம் இருவரும் C என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினோம். பெயரைப் பதிவது என் பங்கு, அச்சிடுவது உன் பங்கு. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காட்டிய அன்று ஐந்தாறு பேருக்கு ரத்த வகை இல்லாமல் வெற்றிடமாக வந்தது. வந்தவர்கள் முன்னால் அவமானப்பட்ட மேலதிகாரி, அச்சிட்டவன் தப்பு என்று உன்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்.

நீ ரயிலேறிய மறுவாரம் அச்சிட்ட பட்டியலைத் தரையில் விரித்து, அந்தப் பெயர்களைப் பென்சிலால் எழுத்தெழுத்தாக எண்ணினேன். எல்லாமே சரியாக இருபது. பட்டியலில் நீளமான பெயர்கள் அவைதான் என்று இருபது இடம் ஒதுக்கியவன் நான். பெயர் முடிந்ததற்கு அடையாளமாக C ஒரு பூஜ்யம் வைக்குமே, அதற்கு இடம் விடவில்லை. அது பக்கத்தில் இருந்த ரத்த வகையின் மேல் ஏறி உட்கார்ந்து அதை அழித்துவிட்டது.

நம் களத்தில் நூறு தேங்காய் எண்ணி முடித்தால் அடையாளக் காயை வெளியே தள்ளி வைப்போம், அது குவியலில் இடம் கேட்காது. அந்தப் புத்தியிலேயே இதையும் எழுதித் தொலைத்தேன். தப்பு யாருக்கும் வரும், அதை விடு.

இருபதை இருபத்தொன்றாக்கி ஓடவிட்டேன், சரியாக வந்தது. மேலதிகாரி முதுகில் தட்டினார். பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். அப்போது நீ உயிரோடு இருந்தாய் மச்சான். மஞ்சள் காமாலை வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"எங்க தப்புன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் மாப்ள, தூங்கிருவேன்" என்று எனக்குக் கடிதம் எழுதியிருந்தாய். ஒரு தபால் அட்டை போட எனக்குக் கை வரவில்லை. உன்னைத் தூக்கிய நாலு பேரில் ஒருவனாகவும் நின்றேனே, என் தோளுக்கு வெட்கம் இல்லையா?

மேலதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதி இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். பொள்ளாச்சிக்காரர்கள் நாளை மறுபடி வருகிறார்கள். அவர்கள் முன்னால், மாமா முன்னால், இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் நானே வாசிப்பேன். மாமா என் முகத்தில் காறித் துப்பினால் துடைக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் பெயரைக் கெடுத்த அத்தை மகன்,
வேலுச்சாமி