பிறை பார்த்துப் போட்ட தூண்டில்

1943 பிப்ரவரி 11, வியாழன். பிறை 5.

இரண்டு கெண்டை, கையளவு ஒரு கெளுத்தி. ஆற்றில் யானைப்பாலத்துக்குக் கிழக்கே உள்ள கசத்தில் மட்டும்தான் ஆழம் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் முழங்கால் தண்ணீர். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுப் போனேன். வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டேன். போர்த்தியிருந்த துப்பட்டி ஓரமெல்லாம் சேறு.

இந்த நோட்டு என் வீட்டுக்காரர் ரங்கூனுக்குப் போகும்போது எழுதாமல் விட்டுப்போனது. இதில் பிறை, தண்ணீர், மீன் இந்த மூன்றைத் தவிர வேறு எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் திறந்தேன். முதல் நாளே முடியவில்லை.

அவரிடமிருந்து கடைசிக் கடிதம் வந்து பதினான்கு மாதம். அது வந்த பத்தாம் நாள் ரங்கூனில் குண்டு விழுந்தது. ஐப்பசியிலிருந்து நூல் வரத்து இல்லை. தறி சும்மா கிடக்கிறது. முன்கட்டில் அவருடைய அண்ணன் ஒலி முகம்மது மச்சான் குடும்பம். பின்கட்டுத் தறிக்கொட்டிலில் நான் ஒருத்தி. பிள்ளை இல்லை. மச்சான் மனைவி அலிமா அக்கா தினம் ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்து வைக்கிறாள். நல்லவள்தான். ஆனால் அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் என் தலை தானாகக் குனிகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

கோழி என்றால் ஓதி அறுத்துத் தர ஓர் ஆண்பிள்ளையைத் தேடவேண்டும். மீனுக்கு யாரும் வேண்டாம்.

பிப்ரவரி 20, சனி. பிறை 14.

மூன்று நாளாக ஒன்றும் இல்லை. போன மாதமும் இதே நாட்களில் இல்லை. நிலா வெளிச்சத்தில் இரவெல்லாம் மேய்ந்துவிட்டு விடியலில் வயிறு நிறைந்து படுத்துவிடுகின்றன போலும். இனிப் பிறை 12 முதல் 17 வரை வீட்டில் இருந்து நூல் முறுக்கலாம். தறியில் மீந்த பாவு நூலை மூன்று புரியாக முறுக்கி, தண்ணீரில் இற்றுப்போகாதிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்திருக்கிறேன். கடையில் தூண்டில் முள் கிடையாது, யுத்தமாம். தையல் ஊசியை விளக்கில் காய்ச்சி வளைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22, திங்கள்.

மச்சான் கொட்டில் வாசலில் வந்து நின்றார். கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல் பேசினார்.

"ஆத்தங்கரையில தூண்டில் போட்டுட்டு உக்காந்திருக்கியாம்லா. பள்ளிவாசல்ல வச்சுக் கேக்காக. தம்பி பொஞ்சாதிக்குக் கஞ்சி ஊத்த ஒனக்கு வக்கில்லையாங்காக."

"நீங்க ஊத்தத்தான் செய்யுதீக மச்சான். நான்தான் வேண்டாங்கேன்."

"அதத்தான் கேக்கேன். ஏன் வேண்டாங்கே?"

"கை நல்லாத்தான இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

மார்ச் 18, வியாழன். பிறை 11.

இலஞ்சியில் மந்திரமூர்த்தி என்று ஒருவர். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர், கல்கத்தா ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு இப்போதுதான் ஊர் வந்திருக்கிறார். மச்சான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வழியில் காலரா கண்டு என் வீட்டுக்காரர் துல்கர்னைன் மவுத்தாகிவிட்டாராம்.

அலிமா அக்கா ஓவென்று அழுதாள். மச்சானும் அழுதார். அது பொய் அழுகை இல்லை, அதை நான் எழுதித்தான் ஆகவேண்டும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "புருசன் மவுத்தானா இத்தா இருக்கணும், உக்காரு. நாலு மாசம் பத்து நாள் வாசப்படி தாண்டாத. சோறு தண்ணி இங்கேருந்து வரும். அதுக்குப் பொறவு ஒன் உம்மா ஊருக்கு அனுப்பி வைக்கேன். மவனுக்கும் கலியாணம் வருது, கொட்டிலும் வேணும்."

கொட்டில் பேச்சை இன்றைக்கே எடுத்திருக்க வேண்டாம்.

"அவுக மவுத்துன்னா உக்காருதேன் மச்சான். மவுத்தானத யாரு பாத்தா?"

நான் அழவில்லை. ஏன் அழவில்லை? கல் நெஞ்சா எனக்கு? இல்லை. யாரோ சொன்னதற்கு அழமாட்டேன்.

மார்ச் 20, சனி. பிறை 13.

நேற்றுச் சாயங்காலம் தவளைக்குஞ்சு கோத்துப் போட்டதில் ஒரு விரால். விராலுக்கு நிலாக் கணக்கு ஒத்துவராது போலிருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு காலையில் இலஞ்சிக்கு நடந்தேன். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது.

மந்திரமூர்த்தி கட்டிலில் கிடந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பேச மூச்சு வாங்கியது.

"நான் பாக்கல தாயி. தென்காசிக்காரர் ஒருத்தர் ரோட்டோரமா கெடந்து செத்தார்னு கூட வந்தவுக சொன்னாக. கர்ணன்னோ என்னமோ பேரு."

"கர்ணனா, கர்னைனா?"

"தெரியலியே தாயி. அங்கன யாரு நின்னு பேரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி மீனை வாங்கிக்கொண்டு என் கையைச் சற்று நேரம் பிடித்திருந்தாள்.

திரும்பும் வழியில் பள்ளிவாசல் பக்கவாசலில் நின்று தொழவைக்கும் லெப்பையைக் கூப்பிடச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். "கண்ணால பாத்த சாட்சி இல்லாம மவுத்துன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா ஊர் வாயை அடைக்க என்னால முடியாது" என்றார்.

"ஊர் வாய் கெடக்கட்டும். சாட்சி இல்லைங்கத மட்டும் மச்சான்கிட்ட சொல்லிருங்க."

கர்ணன் என்று ஒருவன் செத்திருக்கிறான். அவனுக்கும் தென்காசியில் ஒருத்தி இருப்பாள். அவளிடம் யார் போய்ச் சொன்னார்களோ.

ஏப்ரல் 12, திங்கள். பிறை 6.

மச்சான் தூண்டிலை ஒடித்துவிட்டார். முழங்காலில் வைத்து, இரண்டாக.

"லெப்பை சொன்னா ஒனக்குக் கொண்டாட்டம். இத்தாவும் இருக்கமாட்டே, வீட்டுலயும் இருக்கமாட்டே. அப்ப இந்த வீட்டுச் சோறும் ஒனக்கு இல்ல."

சரி என்று சொல்லிவிட்டேன். இந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு எழுதுகிறேன். பயமா? கோபம்தான். கோபம் என்றே இருக்கட்டும்.

ஏப்ரல் 13.

ஆற்றங்கரையில் புல் அறுக்கும் மாரித்தாயிடம் சொன்னேன். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். சிரித்தாள். "ஏட்டி பீவி, கம்புதானட்டி ஒடிஞ்சுது! குத்தாலத்து மலை அங்கனயேதான் நிக்கி." சாயங்காலம் மலையடிவாரத்திலிருந்து மூன்று மூங்கில் வெட்டிவந்து போட்டாள். ஒன்று ஒடிந்தால் இன்னொன்று, அதுவும் ஒடிந்தால் இன்னொன்றாம். பதிலுக்கு மீன் தருவேன். அவள் கேப்பை தருவாள். பேசி முடித்தாயிற்று.

ஏப்ரல் 29. பிறை 23.

ஒன்றும் இல்லை. தண்ணீர் சுடுகிறது. பகலில் எந்த மீன் வாய் திறக்கும்?

மே 14. பிறை 9.

மூன்று நாளாக முருங்கைக்கீரை மட்டும். அலிமா அக்கா மச்சானுக்குத் தெரியாமல் சுவர்மேல் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனாள். எடுக்கவில்லை.

சாயங்காலம் எடுத்துக்கொண்டேன். அவள்மேல் எனக்கு என்ன கோபம்?

இத்தாவில் உட்கார்ந்துவிட்டால் மூன்று வேளைச் சோறு. இன்று மத்தியானம் அந்த நினைப்பு வந்தது. வந்தது என்று எழுதிவைக்கிறேன். விரட்டிவிட்டேன் என்றும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 7, திங்கள். பிறை 3.

நான்கு நாளாக மலை கண்ணுக்குத் தெரியவில்லை. மேகம் இறங்கி மூடியிருக்கிறது. நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஆரியங்காவுக் கணவாய்க் காற்று சட்டென்று நின்றது. குற்றாலத்தில் அருவி விழத்தொடங்கிவிட்டது என்று வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டு போனார்கள். இளம்பிறை, புதுத்தண்ணீர், காற்று இல்லை. நான் காத்திருந்தது இதற்குத்தான். வருசத்தில் இரண்டு நாள் கிடைத்தால் அதிகம்.

விடியும்போது ஆறு செக்கச்செவேலென்று வந்துகொண்டிருந்தது. கெண்டை கூட்டம் கூட்டமாகத் தண்ணீரை எதிர்த்து ஏறுகின்றன. பாறை இடுக்கில் துள்ளி விழுந்து, மறுபடி துள்ளி, மறுபடியும் விழுந்து! தூண்டில் எதற்கு? நானும் மாரித்தாயும் கூடையைச் சாய்த்துப் பிடித்தோம். அவள் "ஏ ஆத்தா, ஏ ஆத்தா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். நானும் கத்தினேன். என் குரல் இவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது.

அலிமா அக்காவுக்குச் சுவர்மேல் ஒரு கூறு வைத்துவிட்டுத் தெருவில் ஏழு வீட்டுக்கு மீன் கொடுத்தேன். அரிசிக் கடையில் நாள் முழுக்க நின்றும் வெறுஞ்சாக்கோடு வந்த வீடுகள். என்னைப் பற்றி வாய் ஓயாமல் பேசிய இரண்டு பேரும் சட்டியோடு வந்தார்கள். போட்டேன். பெரிய மீனாகவே போட்டேன். அதில் எனக்கு ஒரு திமிர்.

ஜூன் 8.

அலிமா அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "ஒன் மச்சான் ரெண்டு தடவ கொழம்பு கேட்டாக. எங்கேருந்து மீனுன்னு கேக்கவேயில்ல."

1944 ஜூலை 20, வியாழன். பிறை 28.

சூரிய கிரகணம். தெருவில் ஒருத்தரும் வெளியே இல்லை. கிரகணத் தொழுகை தொழுதுவிட்டு ஆற்றுக்குப் போனேன். மீனுக்குக் கிரகணம் தெரியவில்லை. மூன்று கெளுத்தி, ஒரு விலாங்கு.

மச்சான் மகனுக்குக் கல்யாணம் முடிந்தது. முன்கட்டிலேயே தட்டி மறைத்து இடம் ஒதுக்கிவிட்டார்கள். கொட்டிலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் மீன் கொடுத்ததால் என்று இருக்கவேண்டாம், அவர்களாகவே கேட்கவில்லை என்று இருக்கட்டும்.

1945 அக்டோபர் 18, வியாழன். பிறை 11.

கடிதம் வந்திருக்கிறது. அவர் கையெழுத்து.

மச்சான் பெயருக்குத்தான் எழுதியிருக்கிறார். பர்மாவிலேயே மோல்மேன் என்ற ஊரில் ஓர் அரிசி மில்லில் இருந்தாராம். மலேரியா வந்து வந்து போகிறதாம். கப்பலில் இடம் கிடைத்ததும் வருகிறாராம். "சைதூன் அங்கேதான் இருக்கிறாளா?" என்று என்னைப் பற்றி ஒரு வரி.

மச்சான் வாசலில் நின்றபடியே படித்தார். பாதியில் நிறுத்திவிட்டுத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "ஒன்னைய அன்னைக்கு இத்தாவுல உக்கார வச்சிருந்தா, இப்ப அவன் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?" முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

ஜெயித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். அது வரவில்லை. சாயங்காலம் ஆற்றுக்குப் போனேன், தூண்டில் இல்லாமல். தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டே அழுதேன். இரண்டரை வருசத்து அழுகை. மாரித்தாய் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

1946 ஜூன் 4, செவ்வாய். பிறை 3.

இன்று காலை ரயிலில் அவர் வருகிறார் என்று தந்தி. அலிமா அக்கா எனக்குப் புதுச் சேலை எடுத்து வைத்திருந்தாள். மச்சானும் மகனும் ஸ்டேஷனுக்குப் போவதாக ஏற்பாடு.

ஆனால் மேற்கே இரண்டு நாளாக மழை. இரவோடு காற்று நின்றுவிட்டது. இளம்பிறை. ரயிலுக்கு முன் வந்துவிடலாம் என்று போனேன். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் போனேன்.

மீன் ஏறத்தொடங்கியது. ரயில் ஊதியது கேட்டது. நான் கூடையை எடுக்கவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது மாரித்தாய் "ஏட்டி, ஏட்டி" என்று முதுகில் தட்டினாள். கரையில் அவர். பாதி ஆள்தான் திரும்பி வந்திருக்கிறார். சட்டை தோளில் தொங்குகிறது. தலை நரைத்துவிட்டது. வீட்டில் என்னைக் காணாமல் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"சைதூன்" என்றார்.

"இருங்க, வாரேன். இன்னும் கொஞ்ச நேரந்தான் ஏறும்" என்றேன்.

என்ன பேச்சு இது! இத்தனை வருசம் கழித்து வந்த மனுசனிடம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஆனால் வாயில் அதுதான் வந்தது.

ஜூன் 12, புதன். பிறை 11.

நாலு நாள் காய்ச்சலில் கிடந்து இன்றுதான் எழுந்து உட்கார்ந்தார். ரசத்தைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "நூல் வர ஆரம்பிச்சாச்சுன்னு அண்ணன் சொல்லுதாக. தறியில உக்காந்துருவேன். நான் வந்துட்டேம்லா. இனி ஆத்துக்கெல்லாம் போவாத சைதூன். ஊரு சிரிக்கும்."

அவரிடமிருந்தா? மச்சான் சொன்னபோது வந்தது வெறும் கோபம்தான். இன்று வலித்தது. வலித்தாலும் சொல்லிவிட்டேன்.

"ஊரு சிரிச்சு முடிச்சு மூணு வருசமாச்சு. நீங்க செத்துட்டீகன்னு சொன்னப்ப எனக்குப் பசி இருந்திருந்தா, அந்தச் சோத்துக்காகவே இத்தாவுல உக்காந்திருப்பேன். ஒங்கள மையித்தாக்கி ஒரு மூலையில வச்சிட்டு உம்மா ஊருக்குப் போயிருப்பேன். ஒங்கள உசுரோட வச்சிருந்தது அந்தத் தூண்டிலுதான். நான் போவேன்."

பசியே இல்லாத மாதிரி பேசிவிட்டேன். இருக்கட்டும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டாரா என்று தெரியவில்லை. ரங்கூன் போகும்போது விட்டுப்போனவள் நான் இல்லை. அவருக்கு அது இன்றுதான் தெரிந்திருக்கும். திரும்பி வந்தவரும் போனவர் இல்லைதான். இரவில் எதையோ சொல்லி உளறுகிறார். நான் கேட்பதில்லை.

ஜூன் 20, வியாழன். பிறை 19.

போனேன். ஐந்து கெண்டை. திரும்பி வந்தபோது எழுந்து உட்கார்ந்திருந்தார். குழம்பு சாப்பிட்டார்.

ஜூன் 26, புதன். பிறை 25.

சாரல் விட்டுவிட்டு விழுகிறது. தண்ணீர் தெளிந்து வருகிறது. நாலு கெளுத்தி. மூன்று நான் பிடித்தது, ஒன்று கூட வந்த அவர் பிடித்தது. நாலாவதைக் கழற்றப் போய் அதன் முள் அவர் கட்டைவிரலில் ஏறிவிட்டது. 'ஆ' என்று அவர் உதறியதைப் பார்த்து மாரித்தாய் அக்கரையிலிருந்தே சிரித்தாள். சுண்ணாம்பு வைத்துத் துணி சுற்றிவிட்டேன். விரலை ஊதிக்கொண்டே, "எப்படித்தான் புடிக்க?" என்றார்.

செவுளுக்குப் பின்னால் இரண்டு விரல் கொடுத்து அமுக்கிக் காட்டினேன்.