தியான்ஜினில் கிடைத்த கிண்ணம்

சூச்சோ,
கல்லறைத் துப்புரவு நாளுக்கு மூன்று நாள் முன்பு.

தியான்ஜின் பழம்பொருள் கடையில் இருக்கும் கணவர் வெய்ஷெங் அவர்களுக்கு, மனைவி பெய்லான் வணங்கி எழுதுவது.

மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மகள் சியூயிங் சௌக்கியம். எட்டு வயதிலேயே எல்லோரையும் அதட்டுகிறாள். மற்றபடி வீடு நலமாக இல்லை.

நீங்கள் அனுப்பிய பெட்டி வந்தது. சந்தையில் பார்த்ததும் வாங்கிவிட்டேன், இது அம்மாவின் கிண்ணமேதான், கல்லறையை எவனோ தோண்டிவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். மாமா பஞ்சை விலக்கிப் பார்த்தார். பாதி பீச் பழமாகக் குடைந்த வெள்ளை ஜேட், கைப்பிடியாக வளைந்த கிளை, கல்லின் பழுப்புத் தோலை வீணாக்காமல் ஓரத்தில் செதுக்கிய வௌவால். அப்படி இன்னொன்று இருக்க முடியாது. பழம் ஆயுளுக்கு, வௌவால் பாக்கியத்துக்கு என்று அத்தை தன் சீதனத்தின் பெருமையைப் பேசாத நாள் உண்டா? மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

உங்கள் தம்பி வெய்மிங் அன்றைக்கே பான் என்கிற நம் கல்லறைக் காவல்காரரை இழுத்து வந்து விறகு அறையில் பூட்டிவிட்டார். "எங்க சோத்தத் தின்னுட்டு எங்கம்மாவையே தோண்டிட்டியேடா" என்று இரண்டு அறை வேறு. பானோ, "சின்னையா, அங்க ஒரு புல்லு சாஞ்சாலும் எனக்குத் தெரியும். யாரும் தோண்டல. வேணும்னா நீங்களே தொறந்து பாருங்க" என்று ஒரே பேச்சாக நிற்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு, துப்புரவு நாளன்று சவப்பெட்டியைத் திறப்பது, பிறகு காவல்காரரைப் போலீசில் ஒப்படைப்பது என்று முடிவாகிவிட்டது.

பான் சொல்வது உண்மை. யாரும் தோண்டவில்லை. அந்தக் கிண்ணம் சவப்பெட்டிக்குள் போகவே இல்லை. நான்தான் வைக்கவில்லை.

அத்தை கண்மூடிய வாரம் உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கள்தான் இல்லையே. ஷாங்காயில் சண்டை, ரயில் இல்லை, உங்கள் மணியார்டரும் வரவில்லை. சியூயிங்குக்குத் தொண்டை அடைப்பான். நாலு வயசுக் குழந்தை மூச்சுக்குத் தவித்த தவிப்பை என் எதிரியும் பார்க்கக் கூடாது. மருத்துவமனையில் ஊசி மருந்து இருந்தது. விலையைக் கேட்டதும் வெய்மிங், "பொட்டப்புள்ளைக்கு இம்புட்டா அண்ணி? அம்மா காரியத்த யாரு பாக்குறது?" என்றார். மாமா எழுந்து உள்ளே போய்விட்டார்.

கிண்ணத்தைத் தன்னோடு அனுப்பச் சொல்லியிருந்தார் அத்தை. "ஆயுசு குடுக்குற கிண்ணம்னாங்க, இங்க ஒண்ணையும் காணோம். அங்கயாவது குடுக்குதா பாப்போம்" என்று படுக்கையிலும் சிரித்தார். முன்பே சிவப்புப் பட்டில் சுற்றி வைத்திருந்ததை எல்லோர் கண்முன்னும் சவப்பெட்டியில் அவர் கையருகே வைத்தேன். பட்டுக்குள் இருந்தது நான் தினமும் கஞ்சி குடிக்கும் கிண்ணம். ஜேட் கிண்ணத்தைப் பாலத்தடித் தரகரிடம் விற்று, அன்று மத்தியானமே குழந்தைக்கு ஊசி போட்டேன்.

நாலு வருடமாக அத்தைக்கு ஊதுவத்தி ஏற்றும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்த நாள் திரும்ப வந்தாலும் அதையேதான் செய்வேன். பாவி என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். பான் வாங்கிய அறை மட்டும் என் கன்னத்தில் விழ வேண்டியது. அவருக்குச் சோறு கொண்டுபோனால், "நீங்க ஒருத்தராவது என்னை நம்புறீங்களேம்மா" என்கிறார். என் பங்குச் சோற்றையும் அவருக்கே போட்டுவிட்டு வந்தேன்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே மாமா முன் மண்டியிடப் போகிறேன். முதலில் தபால்தான், இல்லாவிட்டால் வழியிலேயே மனம் மாறிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். வீட்டைவிட்டுப் போகச் சொன்னால் போகிறேன். காவல்காரரை விட்டுவிட வேண்டும், அத்தையின் பெட்டியைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் கேட்பேன்.

உங்களிடம் கேட்பது வேறு. எதை விற்ற காசில் தான் உயிர் பிழைத்தாள் என்று சியூயிங்குக்கு யாரும் சொல்லக் கூடாது, வெய்மிங்கும்கூட. நீங்கள் கோபத்தோடுதான் வருவீர்கள், வாருங்கள். வந்ததும் என்னைக் கூப்பிடாதீர்கள். முதலில் அவளை அருகில் உட்காரவைத்து ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். முழுவதும் கேளுங்கள். அதன் பிறகு என்னை என்ன செய்வது என்று முடிவு செய்யுங்கள்.

குளிர் இன்னும் விடவில்லை, பஞ்சுச் சட்டையைக் கழற்றிவிடாதீர்கள்.

உங்கள்
பெய்லான்