கண்ணாடி போட்ட பெண்

எதிர்வீட்டுத் தையல்காரி இன்று காலை வாசலில் நின்று புது லைனிங் துணியைக் கிழித்தாள். அதன் கஞ்சி வாசனை தெருவைத் தாண்டி என் சமையலறை வரை வந்தது. சாயாவுக்கு வைத்த தண்ணீர் வற்றும் வரை அப்படியே நின்றுவிட்டேன். எர்ணாகுளம் பிராட்வேயில் நாம் எப்போதும் போகும் துணிக்கடையின் வாசனை அது. நீ துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பாய். போதாதென்று முகர்ந்தும் பார்ப்பாய். கடைக்காரர், "இது துணியாணு மோளே, பலகாரம் அல்ல" என்பார். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உனக்கு எழுத இத்தனை நாள் எனக்குக் கை வரவில்லை.

நம் இருவரின் அப்பாக்களும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மட்டாஞ்சேரியில் ஒரே மிளகு கிட்டங்கியில் வேலைக்கு அமர்ந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்னால் ஒரே கிணறு. உனக்கு அம்மா இல்லை, அத்தைதான் வளர்த்தாள். குடைக்கம்பி ஒடிந்தாலும், என் தம்பிக்கு ஹோமியோபதி மருந்து தீர்ந்தாலும், ரவிக்கைக்கு லைனிங் வேண்டுமென்றாலும் எர்ணாகுளம்தான் போக வேண்டும் என்று நீ இரண்டு வீட்டையும் நம்ப வைத்திருந்தாய். மட்டாஞ்சேரியில் கிடைக்காத குடைக்கம்பியா? யாரும் கேட்கவில்லை. நீ சொன்னால் அப்படித்தான்.

காலையில் படகுத்துறைக்குப் போய், காயலைக் கடக்கும் போட்டில் ஏறுவோம். காவலுக்கு உன் அத்தை. அக்கரையில் இறங்கியதும் அவளுக்குக் கால் வலி வந்துவிடும். காயலோரப் பூங்காவில் தூங்குமூஞ்சி மரத்தடியில் அவளை உட்கார வைத்துவிட்டு நாம் கடைகளுக்கு ஓடுவோம். வேலையெல்லாம் முடித்துத் திரும்பி வந்தால், தண்ணீருக்கு மிக அருகில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அத்தைக்குக் காது எட்டாத தூரம். எலுமிச்சஞ்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, வெலிங்டன் தீவுப் பக்கம் நிற்கும் கப்பல்களைப் பார்த்தபடி, கடைசி போட்டுக்கு முந்தின போட்டு வரும் வரை பேசுவோம்.

அப்போதே எனக்கு உன்மேல் பொறாமை உண்டு. கடைக்குள் நுழைந்தால் முக்காலி உனக்குத்தான் வரும். போட்டில் கூட்டம் நெரிந்தாலும் யாராவது நகர்ந்து உனக்கு இடம் விடுவார்கள். நான் உன் பக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்காருவேன். நீ யாரையும் மயக்கவில்லை. பேசினாய், அவ்வளவுதான். எனக்கு அந்த 'அவ்வளவுதான்' வரவில்லை.

பிறகு அந்த வரன் வந்தது. வெலிங்டன் ஐலண்டில் துறைமுக ஆபீசில் வேலை. மாப்பிள்ளையின் அக்கா நல்ல மாதிரி. "வீட்டுக்கு வந்து பார்த்துட்டு ஒத்து வரலைன்னா பொண்ணுக்கு மனசு கஷ்டம். எர்ணாகுளம் பார்க்குக்கு வரட்டும். நாங்க அந்தப் பக்கமா நடந்து போறோம்" என்று சொல்லி அனுப்பினாள். அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கால் உடைந்து கிடந்தது. அதைச் சரி பண்ணும் சாக்கில் நாம் கிளம்பினோம். பார்க்கப்படப் போகிறவள் நான். துணைக்கு நீ.

அம்மா தன் பட்டுப்புடவையை எனக்குக் கட்டிவிட்டாள். போட்டில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ பழைய நீல வாயில் புடவையில் இருந்தாய். "கோமு, நீ சாமி மாதிரி இருக்கே. பக்கத்துல உக்காரவே பயமா இருக்குடி" என்றாய். கண்ணாடிக்கடைக்காரர் உடைந்த காலை ஒட்டிக் கொடுத்தார், ஆனால் கோணல். நீ சண்டை போட்டுப் பார்த்தாய். "மூக்கு நேரெயாணெங்கில் கண்ணாடியும் நேரெ இருக்கும்" என்று, கோணல் நம் மூக்கில்தான் என்பதுபோலச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பெஞ்சில் நான் விறைத்து உட்கார்ந்திருந்தேன். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதைப் பார்த்துத்தான் நீ அந்தக் கோணல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாய். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் உன் கண்கள் மீன்கண் மாதிரி பெரிதாகிவிட்டன. மூக்கை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கடைக்காரரின் குரலில், "மூக்கு நேரெயாணெங்கில்..." என்று தொடங்கினாய். நான் சிரித்துச் சிரித்து முந்தானையால் வாயைப் பொத்திக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரும் அவருடைய அக்காவும் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். நீ இன்னும் கண்ணாடியைக் கழற்றவில்லை.

மறுநாள் தரகர் வந்தார். அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பையனுக்குப் பிடிச்சிருக்காம். கண்ணாடி போட்ட பொண்ணு."

அம்மா உள்ளேயிருந்து, "நம்ம கோமு கண்ணாடி போடமாட்டாளே" என்றாள். பிறகு அவளுக்கே புரிந்தது. அன்று முழுவதும் அவள் தன் கண்ணாடியைப் போடாமல் தட்டுத் தடுமாறி வேலை செய்தாள். எனக்கு அது அழுகையாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டிய விஷயம். உன்னிடம்தான் சொல்ல முடியாது.

சாயங்காலம் நீ கிணற்றடிக்கு வந்தாய். முகம் கழுவாமல், தலை வாராமல்.

"அத்தை செரின்னு சொல்லிட்டா. அப்பாவும் செரிங்கிறார். நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை. நீ சொல்லு. நீ வேண்டாம்னா வேண்டாம்."

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"நான் எங்கேடி பார்த்தேன்? அந்தக் கண்ணாடியில ஒரு வெள்ளைச் சட்டைதான் தெரிஞ்சுது."

நான் வாளியை மெதுவாக இறக்கினேன். அது தண்ணீரைத் தொட்டது. பிறகு, "எனக்கு அவர் மூக்கு பிடிக்கலை. நீ கட்டிக்கோ" என்றேன். நீ வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாய். நான் நம்பும்படி சொல்லியிருக்க வேண்டும். நீ தலையாட்டிவிட்டுப் போனாய்.

கல்யாணத்தில் உனக்குத் தலை பின்னியது நான்தான். பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். "பாவம், இவளைப் பார்க்க வந்த மாப்பிள்ளைதானாம்." நான் பொறாமையில் வேகிறேன் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உன் புதுப் பட்டு, அவருடைய குவார்ட்டர்ஸ், ஐலண்டின் அகலமான ரோடுகள், உன் வீட்டு ஜன்னலில் தெரியும் கப்பல்கள் எல்லாம் எனக்கு வர வேண்டியவை என்று எண்ணி எண்ணி உடம்பு இளைத்தேன். அடுத்த வருடமே எனக்கும் இதே மட்டாஞ்சேரியில் கல்யாணமானது. கயிறு கம்பெனி குமாஸ்தா, அதிர்ந்து பேசாத மனிதர். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வேக்காடு அடங்கவில்லை.

அது எதனால் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. மாமியாருக்கு மருந்து வாங்க நான் தனியாக எர்ணாகுளம் போயிருந்தேன். திரும்பும்போது போட்டுக்கு நேரமிருந்தது. பூங்காவுக்குள் போனேன். நம் பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். உன் இடப்பக்கம், நான் உட்காரும் பக்கம், அவர். நடுவில் கடலைப் பொட்டலம். அவர் ஏதோ சொன்னார். நீ தண்ணீரைப் பார்த்துச் சிரித்தாய்.

நான் கூப்பிடவில்லை. மரத்தின் பின்னாலேயே நின்றுவிட்டு படகுத்துறைக்குத் திரும்பினேன். போட்டில் கண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்த பெண், "எந்தா மோளே, ஆரெங்கிலும் மரிச்சோ?" என்று கேட்டாள். யாரும் சாகவில்லை என்றேன். எனக்கு வேண்டியிருந்தது அவரோ குவார்ட்டர்ஸோ அல்ல என்று அந்தப் போட்டில்தான் தெரிந்தது. என் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் உன்மேல் பொறாமை என்று நினைத்தது முழுவதும் அவர்மேல். உன்னை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கு நானே கிணற்றடியில் நின்று சரி சொல்லியிருக்கிறேன். இதை நான் யாரிடம் சொல்வேன்? என் வீட்டுக்காரரிடமா?

அதன்பின் நீ மட்டாஞ்சேரிக்கு வருவாய், நான் உன் குவார்ட்டர்ஸுக்கு வருவேன். உனக்குப் பெண் பிறந்தபோது நான்தான் முதலில் தூக்கினேன். ஆனால் நாம் இருவரும் சேர்ந்து அந்தப் பூங்காவுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. நீ இரண்டு தடவை கூப்பிட்டாய். நான் வேலை இருக்கிறது என்றேன்.

மஞ்சள்காமாலை என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி கிடைத்து நான் ஓடி வந்தபோது, அவர் உன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றக் கையில் குளுக்கோஸ் ஊசி குத்தியிருந்தது. எனக்குப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று உன் பாதத்தைத் தொட்டேன். நீ கண் திறந்து, "கோமு வந்துட்டியா" என்றாய். அவ்வளவுதான் நாம் கடைசியாகப் பேசியது. அந்த நேரத்திலும், அவர் சற்று எழுந்து போகமாட்டாரா என்றுதான் என் மனம் தவித்தது.

போன ஞாயிறு அவர் உன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். குழந்தை என் மடியில் தூங்கிவிட்டாள். அவர் சாயாவைத் தொடாமலே கேட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பார்க்குக்குப் போனா அந்த ஒரு பெஞ்சுலதான் உக்காரணும்பா. அங்க உக்காந்தா கொஞ்ச நேரம் என்கூடப் பேசவே மாட்டா. தண்ணியைப் பாத்துத் தானாச் சிரிப்பா. என்னன்னு கேட்டா, 'அது கோமு விஷயம், உங்களுக்குப் புரியாது'ன்னுடுவா. எத்தனையோ தடவை கேட்டுட்டேன், சொல்லவே இல்லை. அது என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

எனக்குத் தெரியும். எலுமிச்சஞ்சோற்றுக்கு நடுவில் நாம் பேசியது ஒவ்வொன்றும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஒன்றே ஒன்று சொல்லியிருந்தால்கூட அந்த மனிதர் அதை வைத்துக்கொண்டு இன்னும் சில வருடம் ஓட்டியிருப்பார்.

"எனக்கும் தெரியலையே" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டார். ஆறிப்போன சாயாவைக் குடித்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி போட்டுக்குப் போனார்.

நான் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீ என்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாய். நீ போன பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

உன் மகள் வளர்ந்து வந்து கேட்டால் சொல்வேன். அவருக்குச் சொல்லமாட்டேன். உன் வருடங்கள் அவரிடம் இருக்கின்றன, உன் குழந்தை இருக்கிறாள், கல்யாணப் படத்தில் உன் முகம் இருக்கிறது. இது என்னிடம் இருக்கட்டும்.